வொண்டர்லா சென்னை: கிளம்புவதற்கு முன் எல்லாரும் என்னிடம் கேட்ட கேள்விகள்

2025 டிசம்பர் 2-ஆம் தேதி திருப்போரூர் பக்கம் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறந்ததிலிருந்து எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. நாங்கள் ஒருமுறை போய்வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் "நீ போய்ட்டு வந்தியே, சொல்லு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கொரு குரல் செய்தி அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆகவே கேள்விகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து எழுதிவிட்டேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்புவேன்.

சரியாக எங்கே இருக்கிறது? ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) என்கிறார்கள், சோழிங்கநல்லூர் பக்கமா?

அதைவிட வெகுதூரம் தெற்கே. ஓ.எம்.ஆர். சாலையில் கேளம்பாக்கம் தாண்டி, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம். சென்னை என்ற பெயர் விளம்பரப் பலகையில் மட்டும்தான்.

தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்கள் ஓ.எம்.ஆர். தொடங்கும் மத்திய கைலாஷ் வரை போய்ச் சுற்றவே வேண்டாம். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் போதும். செங்கல்பட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் திருப்போரூருக்கு நேர்ச்சாலை உண்டு. வெளியூரிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலேயே இறங்கிவிடலாம், நகரத்துக்குள் நுழைந்து திரும்ப வேண்டியதில்லை. மதுரையிலிருந்து வந்த என் நாத்தனார் குடும்பம் இது தெரியாமல் தி.நகரில் அறை எடுத்துவிட்டு, காலையில் ஓ.எம்.ஆர். நெரிசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

அரசுப் பேருந்தில் வருவதானால் திருப்போரூர் வரை வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: கிருத்திகை அன்று திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குக் கூட்டம் நெரியும். நாள்காட்டியில் விடுமுறையை மட்டும் பார்க்காதீர்கள், கிருத்திகையையும் பாருங்கள்.

யாருடைய பூங்கா இது? ஏன் சென்னைக்கு வர இவ்வளவு நாள்?

வீ-கார்ட் ஸ்டெபிலைசர் தெரியும் இல்லையா, அதைத் தொடங்கிய கொச்சௌசெப் சிட்டிலப்பிள்ளி ஆரம்பித்தது. 2000-இல் கொச்சியில் 'வீகாலேண்ட்' என்ற பெயரில் முதல் பூங்கா. பிறகு 2005-இல் பெங்களூரு, 2016-இல் ஹைதராபாத், 2024-இல் புவனேஸ்வர். சென்னை ஐந்தாவது. 60 ஏக்கருக்கு மேல் பரப்பு, 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடுகள் என்று அறிவித்துத் திறந்தார்கள்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் வரி. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டுக்கு 28 சதவீதம் போட்டார்கள், 2018 ஜனவரியில் அது 18 ஆனது. தமிழ்நாட்டில் அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 10 சதவீதம். அந்தப் பத்து சதவீதத்திலிருந்து விலக்கு கேட்டு நிறுவனம் காத்திருந்தது. விலக்கு கிடைத்த பிறகுதான் கட்டட வேலை சூடு பிடித்தது. டிக்கெட் விலையைப் பார்த்து மூச்சு வாங்குகிறவர்கள், அதில் ஒரு பங்கு வரி என்பதையும் நினைவில் வையுங்கள். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை, சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

நாலு பேர் போனால் எவ்வளவு ஆகும்?

பெரியவர் டிக்கெட் 1,489 ரூபாயிலிருந்து தொடங்கும் என்று திறப்பின்போது அறிவித்தார்கள். விடுமுறை நாள், பண்டிகை நாள் என்றால் ஏறும். நாலு பெரியவர்கள் என்றால் சாதாரண நாளிலேயே 5,956 ரூபாய். இணையத்தில் முன்பதிவு செய்தால் 10 சதவீதமும், அசல் அடையாள அட்டை காட்டும் கல்லூரி மாணவர்களுக்கு 20 சதவீதமும் தள்ளுபடி என்றார்கள். அட்டையின் படத்தைக் கைபேசியில் காட்டிச் சமாளிக்க நினைக்க வேண்டாம். அசல் என்றால் அசல்தான்.

ஆனால் டிக்கெட்டோடு கணக்கு முடியாது. போக்குவரத்து, சாப்பாடு, லாக்கர் வாடகை, நீச்சல் உடை, பிள்ளைகள் கண்ணில் படும் பொம்மைக் கடை என்று வரிசையாக வரும். என் அனுபவத்தில் டிக்கெட் செலவில் பாதியை மேல்செலவுக்கு ஒதுக்கிவிட்டால் முகம் சுளிக்காமல் வீட்டுக்குத் திரும்பலாம். நீச்சல் உடையையாவது முன்பே வாங்கிவிடுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ ரங்கநாதன் தெருவிலோ நைலான் டி-சர்ட்டும் அரைக்கால் சட்டையும் மலிவாகவே கிடைக்கும்.

எந்த நாள், எந்த மாதம் நல்லது?

பள்ளி நடக்கும் செவ்வாய், புதன், வியாழன். ஒரு நாள் விடுப்பு போட்டால் பிள்ளைகளின் படிப்பு ஒன்றும் கெட்டுவிடாது. (என் மகளின் வகுப்பாசிரியர் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.) நாளொன்றுக்கு 6,500 பேர் வரை கொள்ளும் பூங்கா. அத்தனை பேரும் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கும், அதில் கால்வாசிப் பேர் வந்த புதன்கிழமைக்கும் டிக்கெட்டில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். வரிசையில் நிற்பதில் வித்தியாசம் மணிக்கணக்கில்.

மாதம் என்றால் ஜனவரி, பிப்ரவரி. பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். அப்போது தண்ணீரில் கிடக்கும் நேரம் சுகம்தான், ஆனால் ஒரு ரைடிலிருந்து இன்னொன்றுக்கு வெறுங்காலோடு நடக்கும் நேரம் தோசைக்கல்லில் நடப்பதுபோல இருக்கும். இன்னொன்றும் உண்டு. எந்தப் பூங்காவாக இருந்தாலும் திறந்த முதல் சில வருடங்களில் புதிதாக நட்ட மரங்கள் நிழல் தரும் அளவுக்கு வளர்ந்திருக்காது. கொச்சிக்கும் பெங்களூருக்கும் போய் அங்கே இருக்கும் பசுமையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே மரங்களுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது.

என் பையனுக்கு எட்டு வயது. எல்லாவற்றிலும் ஏற்றுவார்களா?

இங்கே வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்ப்பார்கள். 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. 85-லிருந்து 140 வரை சிறுவர் டிக்கெட். அதற்கு மேல் பெரியவர். பெரிய ரைடுகள் பலவற்றுக்கும் உயரக் கோடு இதே அளவில்தான் இருக்கும்.

வீட்டிலேயே அளந்துவிடுங்கள். கதவு நிலையில் ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் புத்தகத்தை வைத்துக் கோடு போடுகிற அதே பழைய முறைதான். நாங்கள் அளக்கவில்லை. என் மகனுக்கு 138. "வந்துட்டேன்ல அம்மா, வளந்துட்டேன்ல" என்று வழியெல்லாம் குதித்தவன், அளவுகோல் முன்னால் நுனிக்காலில் நின்று பார்த்தான். பணியாள் சிரித்துக்கொண்டே "குதிகாலைக் கீழே வை, தம்பி" என்றார். இரண்டு சென்டிமீட்டர்தான் குறைந்தது. அன்று மதியம்வரை அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பு எங்களுடையது. முன்னாலேயே அளந்து, "இதில் நீ ஏற முடியாது, அதில் ஏறலாம்" என்று பேசி வைத்திருந்தால் அந்த அழுகை இருந்திருக்காது.

இந்தக் கோட்டை யாரும் பிடிவாதத்தால் போடவில்லை. தோளை அழுத்திப் பிடிக்கும் காப்புச் சட்டம் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்கென்று செய்தது. குள்ளமான பிள்ளைக்கு அந்தச் சட்டத்துக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும். தலைகீழாகும்போது அந்த இடைவெளிதான் ஆபத்து. ஆகவே பணியாளரிடம் கெஞ்சாதீர்கள். கெஞ்சினால் விட்டுவிடுகிற இடமாக இருந்தால், அந்த இடத்தில் நீங்களே ஏறாதீர்கள்.

தஞ்சோரா தஞ்சோரா என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டர். பெயரே தஞ்சாவூரைத்தான் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் செய்தது. வால்டர் போலிகர், கிளாட் மபிலார்ட் என்ற இரு பொறியாளர்கள் 1988-இல் தொடங்கிய நிறுவனம் அது. உலகத்தின் பெரிய பூங்காக்களில் அவர்கள் செய்த தண்டவாளங்களைப் பார்க்கலாம், இந்தியாவுக்கு இதுதான் முதல்.

சாதாரண கோஸ்டரில் தண்டவாளம் நம் காலுக்குக் கீழே இருக்கும். இதில் தலைக்கு மேலே. இருக்கை அதிலிருந்து தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். ஊஞ்சலில் உட்கார்ந்தபடி வளைந்து சுழல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வகையை முதலில் செய்தவர்களும் அவர்கள்தான், 1992-இல், அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஒரு பூங்காவில். காலுக்கடியில் ஒன்றும் இல்லாததால் வேகம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். தூண் பக்கத்தில் வரும்போது காலை மடக்கிக்கொள்ளத் தோன்றும். மடக்க வேண்டாம், இடைவெளி கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் மடக்குகிறார்கள், நானும்தான்.

அந்தச் சுழல் வளையம் சரியான வட்டமாக இருக்காது, கவனியுங்கள். நீர்த்துளிபோல மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். முழு வட்டமாகப் போட்டால் கீழே நுழையும் இடத்தில் உடம்பின் மேல் விழும் அழுத்தம் கழுத்து தாங்காத அளவுக்குப் போய்விடும். கீழே வளைவை அகலமாக்கியது அதற்காகத்தான். பத்தாம் வகுப்பு இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிடம் வரிசையில் நிற்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். என் மகள் பதில் சொல்லாமல் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

நடுவழியில் நின்றுவிட்டால்? அந்தப் பயம்தான் எனக்கு.

நிற்கும். எந்த ஊர்க் கோஸ்டரும் சில நாள் நிற்கும். நிற்பதுதான் பாதுகாப்பு, இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம், ரயில்வே சிக்னல் மாதிரி. முன்னால் போன வண்டி அந்தப் பகுதியை விட்டு வெளியேறாவிட்டால் பின்னால் வருவது தானாக நிறுத்தப்படும். யாராவது ஒரு பெண்ணின் துப்பட்டாவைக் கழற்றவைக்க நேரமானாலும்கூட, அடுத்த வண்டி மேலே காத்திருக்க வேண்டியிருக்கும். அதைக் கீழிருந்து பார்க்கிறவர்கள் "மாட்டிக்கிச்சு" என்று கைபேசியில் படம் எடுப்பார்கள்.

ஏற்றத்தில் சங்கிலி இழுக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் கேட்டால் அது கோளாறு இல்லை. வண்டி பின்னோக்கி நழுவாதபடி பற்களில் விழுந்து விழுந்து பிடிக்கும் கொக்கி அது. பிரேக்குகளும் லாரி பிரேக் மாதிரிதான்: காற்றழுத்தம் இருந்தால் திறந்திருக்கும், அழுத்தம் போனால் இறுகிக்கொள்ளும். மின்சாரம் போனால் வண்டி ஓடிவிடாது, நின்றுதான் போகும். சக்கரங்களும் தண்டவாளத்தின் மேல், பக்கம், அடி என்று மூன்று புறமும் கவ்வியிருக்கும்.

அப்படி நின்றால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சும்மா உட்கார்ந்திருப்பது. காப்புச் சட்டத்தை நீங்களாக அசைக்க முயலாதீர்கள்.

யார் ஏறக் கூடாது?

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கழுத்து எலும்பு, முதுகுத் தண்டில் தொந்தரவு உள்ளவர்கள். மாமா ஒருவர், பெயர் வேண்டாம், இடுப்பு வலிக்கு மூன்று வருடமாக பெல்ட் போடுகிறவர், பெல்ட்டைக் காரில் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். பிறகு பத்து நாள் படுக்கை. அத்தை இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை.

கர்ப்பம் உறுதியாகத் தெரியாமல், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற அளவில் இருந்தாலும் ஏற வேண்டாம். வரிசையில் நின்று யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் பயம்" என்று சொல்லுங்கள், போதும்.

எனக்குப் பேருந்திலேயே வாந்தி வரும். என்ன செய்யலாம்?

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் இன்னொன்று சொல்ல, மூளை குழம்புவதுதான் அந்தக் குமட்டல். ஆகவே ரைடில் கண்ணை மூடாதீர்கள். எதிரே வருகிற வளைவைப் பாருங்கள். ஒரே இடத்தில் சுழலும் ரைடுகள், வேகமாக ஓடும் கோஸ்டரைவிடக் குமட்டலைக் கிளப்பும். அவற்றைத் தவிர்த்தாலே போதும்.

அவோமின் மாத்திரை போடுகிறவர்கள் அதற்குத் தூக்கம் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர் போடக் கூடாது. இஞ்சி மொரப்பா பழைய வைத்தியம், எனக்கு அது கேட்கிறது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டும் போகாதீர்கள். காலையில் இரண்டு இட்லி போதும், பூரி கிழங்கு வேண்டவே வேண்டாம்.

முதலில் உலர் ரைடா, தண்ணீரா?

உலர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூங்கா 11 மணிக்குத் திறக்கும். வாசல் திறந்ததும் எல்லாரும் வாசலுக்கு அருகே இருப்பதில் மொய்ப்பார்கள். நீங்கள் நேரே தஞ்சோராவுக்குப் போய்விடுங்கள். சாப்பாட்டுக்கு முன் பெரிய ரைடுகளை முடித்துவிட்டால் வயிறும் இலேசாக இருக்கும், துணியும் காய்ந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு தண்ணீர்.

தண்ணீரில் முதலில் இறங்கிய பிள்ளைகளை வெளியே கொண்டுவருவது நடக்காத காரியம். ஈரத் துணியோடு உலர் ரைடில் ஏற்றவும் மாட்டார்கள். இரண்டு முறை உடை மாற்றுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

என்ன துணி போட வேண்டும்? சுடிதாரில் இறங்கலாமா?

முடியாது. நைலான், பாலியஸ்டர் போன்ற நீச்சல் துணிதான். பருத்தி, ஜீன்ஸ், புடவை, சுடிதார், வேட்டி எதுவும் தண்ணீர் ரைடுகளில் கூடாது. பலர் இதை ஏதோ நாகரிகத் திணிப்பு என்று கோபப்படுகிறார்கள். காரணம் வேறு. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். சறுக்கலில் வழுக்காமல் நடுவில் நிறுத்திவிடும், பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். நூல் பிசிறு வடிகட்டியை அடைக்கும், சாயம் இறங்கும். தொங்குகிற துணி எங்காவது மாட்டும்.

உடம்பு தெரியுமே என்று தயங்குகிறவர்களுக்கு: முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கிடைக்கிறது. எங்கள் வீட்டில் நானும் என் ஓரகத்தியும் அதுதான் போட்டோம். வெயிலுக்கும் அதுவே நல்லது.

தாலிச் செயினைக் கழற்ற வேண்டுமா?

குழுவில் அதிகம் பேர் தனியாக அனுப்பிய கேள்வி இதுதான். பெரிய ரைடுகளில் தொங்கும் சங்கிலி எதுவும் ஆபத்து. தங்கத்துக்கும் ஆபத்து, கழுத்துக்கும் ஆபத்து. லாக்கரில் பத்து சவரனை வைத்துவிட்டு நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பதில் என்ன சுகம்? என் மாமியார் சொன்ன வழிதான் சரி: வீட்டிலேயே தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு, உடைக்குள் இறுக்கமாக விட்டுக்கொண்டேன். செயின் பீரோவில் இருந்தது. வளையல், தொங்கட்டான், கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மெட்டி இறுக்கமாக இருந்தால் பிரச்சினை இல்லை.

கண்ணாடி அணிகிறவர்கள் பின்னால் கட்டும் நாடா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறவே ஏறாதீர்கள். தலைகீழாகும்போது விழுகிற கைபேசி உங்களுக்கு நஷ்டம், கீழே நிற்கிறவருக்கு மண்டை உடையும்.

அந்த மூன்று நாளில் தேதி விழுந்துவிட்டது. டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

உலர் ரைடுகளுக்குத் தடையே இல்லை. தண்ணீருக்கு நாப்கின் உதவாது, ஊறி உப்பிவிடும். டாம்பன் அல்லது மாதவிடாய்க் கப் பழக்கம் இருந்தால் இறங்கலாம். புதிதாகப் பழகுவதற்கு அந்த நாள் சரியான நாள் இல்லை. குழுவாகப் போகும்போது தேதியை முடிவு செய்யும் முன் பெண்பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போயிற்று. யாரும் கேட்பதில்லை.

தண்ணீர் சுத்தமா? குளோரின் நாற்றம் அடித்தால் நல்லதா கெட்டதா?

எல்லாரும் நாற்றம் அடித்தால் மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள், சுத்தம் என்று நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. மூக்கைப் பிடுங்கும் அந்த வாடை, குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உருவாகும் குளோரமின். கண் எரிவதும் அதனால்தான். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை மிதமாகத்தான் இருக்கும். ஆகவே இறங்கும் முன் ஷவரில் நன்றாக நனைந்து, எண்ணெயும் பவுடரும் போகக் குளித்துவிட்டு இறங்குங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை அழைத்து வராதீர்கள். அந்தக் கிருமிகளில் சில குளோரினுக்கும் அடங்குவதில்லை.

அலைக்குளத்தில் சின்னக் குழந்தையை விடலாமா?

கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தால் விடலாம். கரையில் நாற்காலி போட்டுக்கொண்டு கைபேசி பார்க்கிறவராக இருந்தால் விடாதீர்கள்.

நீச்சல் குளத்தைவிட இது ஏமாற்றும். ஓரத்தில் கணுக்கால் அளவுதான் இருக்கும், தைரியம் வரும். அலை இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதே இடத்தில் இடுப்பளவு வந்து போகும். அலை குழந்தையைக் கீழே தள்ளும், எழும் முன் அடுத்தது வரும். நீரில் மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் நடந்துவிடும். உயிர்காப்பாளர்கள் நிற்பார்கள், ஆனால் கூட்டத்தில் உங்கள் பிள்ளை எது என்று உங்களுக்குத்தான் தெரியும். பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிற உடை போட்டுவிடுங்கள். நீல நிறம் தண்ணீரில் தெரியவே தெரியாது.

புளிசோறு கட்டிக்கொண்டு போகலாமா?

வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. கைக்குழந்தைக்கான உணவு என்றால் விடுவார்கள். எங்கள் அம்மா இதைக் கேட்டு "பணம் குடுத்து உள்ள போயி பட்டினியா கெடக்கணுமா" என்று கோபித்துக்கொண்டார். அதில் நியாயம் இருக்கிறது. உள்ளே சாப்பாட்டுக் கூடங்கள் உண்டு. ஒரு மணிக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும், நீங்கள் பன்னிரண்டரைக்கோ இரண்டுக்கோ சாப்பிடுங்கள். திரும்பும் வழியில் காரிலேயே ஒரு தூக்குப் புளிசோறு இருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு அதற்கு இருக்கும் ருசி வேறு எங்கும் கிடையாது.

வரிசையில் காத்திருக்காமல் ஏறும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் வாங்கலாமா?

விடுமுறை நாளில் வேறு வழியில்லாமல் போகிறீர்களா, வாங்குங்கள். சாதாரண புதன்கிழமையில் அது வீண் காசு.

மழை பெய்தால்?

தூறலுக்கு ஒன்றும் இல்லை. இடி, மின்னல், பலத்த காற்று என்றால் உயரமான ரைடுகளை நிறுத்துவார்கள், தண்ணீரிலிருந்தும் வெளியேறச் சொல்வார்கள். சொன்னதும் வெளியேறுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை, அதுவும் திருப்போரூர் கடற்கரையை ஒட்டிய பக்கம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வரும் வாரத்தில் முன்பதிவு செய்யாதீர்கள்.

ஒரே நாளில் மாமல்லபுரமும் பார்த்துவிடலாமா? கோயிலுக்கும் போய் மொட்டை அடித்துவிட்டு?

மாமல்லபுரம் வேண்டாம். இரண்டையும் அரைகுறையாகப் பார்ப்பீர்கள். திருப்போரூர் முருகனைக் காலையில் முடிக்கலாம், பூங்கா பதினொன்றுக்குத்தானே. ஆனால் மொட்டை போட்ட பிள்ளையை அன்றே வெயிலில் விடாதீர்கள். அதுவரை சூரியனே பார்க்காத மண்டைத் தோல் சாயங்காலத்துக்குள் சிவந்து கொப்பளித்துவிடும். சந்தனம் தண்ணீரில் கரைந்துபோகும். தொப்பி ரைடில் நிற்காது.

நம் கிஷ்கிந்தா மாதிரி வருமா?

இதைக் கேட்டது என் அண்ணன். 1995-இல் தாம்பரம் பக்கம் படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் கிஷ்கிந்தா பூங்காவைத் திறந்தபோது எங்கள் பள்ளியிலிருந்து பேருந்தில் அழைத்துப் போனார்கள். அதற்கும் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. பூங்காவும், அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதரும். அவரைச் சிரிக்கவைக்க என் அண்ணன் அரை மணி நேரம் கோணங்கி செய்து தோற்றான். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் என்று வேறு பூங்காக்களும் வந்தன. இயந்திரத்தில், பாதுகாப்பில் புதியதோடு அவற்றை ஒப்பிட முடியாது. ஆனால் அண்ணன் கேட்பது இயந்திரத்தைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு அவனுக்கு மறுபடியும் பத்து வயதாக வேண்டும்.

அத்தை, பாட்டியை அழைத்துப் போனால் அவர்களுக்கு என்ன இருக்கிறது? பையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே?

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று சொன்னாலும் தப்பில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நாள் முழுக்கப் பையைக் காவல் காக்கிறார். அநேகமாக அது மாமியார், அல்லது அம்மா. மடியில் நாலு கைபேசி, தோளில் ஈரத் துண்டு, காலடியில் எட்டு ஜோடிச் செருப்பு. சாயங்காலம் "உனக்கு எப்படி இருந்தது" என்று யாரும் கேட்பதில்லை.

லாக்கர் எடுங்கள். வாடகை ஒரு ஆளின் டிக்கெட்டைவிடக் குறைவு. பையையே குறையுங்கள்: ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு மாற்றுத் துணி, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான்.

மூத்தவர்களுக்கு 60 வயதுக்கு மேல் சலுகை உண்டு, வயதுச் சான்று எடுத்துப் போங்கள். அவர்களுக்கும் ரைடுகள் இருக்கின்றன. உயரத்தில் மெதுவாகச் சுற்றிவரும் ஸ்கை ரயில் இருக்கிறது, குளத்தின் ஓரத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். எங்கள் அத்தைக்கு 67 வயது, முட்டி வலி. முதலில் "நான் இங்கயே ஒக்காந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றுதான் சொன்னார். பையை லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டபின் அவருக்கு உட்காரக் காரணம் இல்லாமல் போனது. கொஞ்ச நேரம் கழித்து அலைக்குளத்தின் ஓரத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலை வந்தபோது அவர் போட்ட கூச்சல்தான் அன்று அங்கே கேட்டதிலேயே பெரிய கூச்சல்.

கிளம்பும்போது கவனிக்க வேண்டியது?

மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே உடை மாற்றப் போய்விடுங்கள், கடைசியில் அங்கே நிற்க இடம் இருக்காது. லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் ஒரு டீ குடித்துவிட்டு வண்டியை எடுக்கட்டும். பின்னிருக்கையில் இருப்பவர்கள் கேளம்பாக்கம் வரும் முன்பே தூங்கியிருப்பார்கள், அவரோடு பேச்சுக்கொடுக்க ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். எங்கள் காரில் அது அத்தை. தாம்பரம் வரை அலைக்குளத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.